இராகலைக்குப் போன கோச்சி

எங்களில் ஒருத்தியின் அப்பாயி, கந்தப்பளை டவுனில் ஓர் இடத்தைக் கடைசி வரைக்கும் "ஸ்டேசனடி" என்றுதான் சொல்லுவார். "ஸ்டேசனடியில எறங்கி நடந்தே வந்துட்டேன்" என்பார். அவள் சின்ன வயதில் அதைப் பொலிஸ் ஸ்டேசன் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டில் யாரும் திருத்தவுமில்லை. கம்பஸுக்கு வந்த பிறகு, ஓர் ஒப்படைக்காக நூலகத்தில் பழைய இலங்கை வரைபடம் ஒன்றை விரித்துப் பார்த்த நாளில்தான் விசயம் பிடிபட்டது. பதுளைக்குப் போகும் ரயில் பாதையிலிருந்து நானுஓயாவில் ஒரு மெல்லிய கோடு பிரிகிறது. நுவரெலியா, கந்தப்பளை, புரூக்சைட் என்று வளைந்து வளைந்து போய் இராகலையில் முடிகிறது.

அன்றைக்கு அந்த மேசையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூவருமே மலையகம். இரண்டு பேர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் ஊருக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்பதை எங்களுக்குப் பள்ளிக்கூடமும் சொல்லவில்லை, வீடும் சொல்லவில்லை. ஒரு சொல் மட்டும் அப்பாயியின் வாயில் மிச்சம் இருந்திருக்கிறது. அதையும் நாங்கள் பிழையாக விளங்கிக்கொண்டிருந்தோம்.

ஒப்படையைக் கொடுத்து முடித்துப் புள்ளியும் வாங்கியாயிற்று. ஆனாலும் அந்தக் கோடு எங்களை விடவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எதற்காக இந்தப் பாதை?

இலங்கையில் ரயில் வந்ததே மலைநாட்டுக்காகத்தான். கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்க வேண்டும் என்ற தேவைதான் 1850களில் அந்த வேலையைத் தொடங்க வைத்தது. 1867 இல் ரயில் கண்டிக்கு வந்தது. 1869 இல் கோப்பிச் செடியில் இலை நோய் தென்பட்டு, அடுத்த இருபது வருடங்களுக்குள் கோப்பி படுத்துவிட்டது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. பாதை மட்டும் நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. 1874 இல் நாவலப்பிட்டி, 1885 இல் நானுஓயா.

நானுஓயாவில் இறக்கிய சாமான் அதற்கு அப்பால் எப்படிப் போனது? மாட்டு வண்டியில்தான். நுவரெலியாவைத் தாண்டி கந்தப்பளை, இராகலை, உடப்புசல்லாவை என்று தேயிலை மலை விரிந்துகொண்டே போனது. தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டிகளை இறக்கவும், அரிசியையும் பசளையையும் ஏற்றவும் வண்டிப் பாதை போதவில்லை. துரைமார் ரயில் கேட்டார்கள். கிடைத்தது.

ஆனால் கிடைத்தது பெரிய பாதை இல்லை. பெரிய பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தரை அடி. இதில் இரண்டரை அடிதான். களனிப் பள்ளத்தாக்குப் பாதையையும் அதே காலத்தில் இதே அகலத்தில்தான் போட்டார்கள். அகலம் குறைந்தால் செலவும் குறையும், மலையோரத்தில் குறுகலாக வளையவும் முடியும். பெரிய பாதையில் மிகச் செங்குத்தான ஏற்றம் 44 அடிக்கு ஓர் அடி. இந்தச் சின்னப் பாதை 24 அடிக்கு ஓர் அடி என்று ஏறியது. நானுஓயா ஏறத்தாழ 5,300 அடி உயரம். கந்தப்பளை ஸ்டேசன் 6,316 அடி. இடையில் ஆயிரம் அடியை அந்தச் சின்ன எஞ்சின் இழுத்துக்கொண்டு ஏறியிருக்கிறது.

1903 இல் நுவரெலியா வரையும், 1904 இல் இராகலை வரையும் பாதை திறக்கப்பட்டது. மொத்தம் சுமார் 19 மைல், இன்றைய கணக்கில் 31 கிலோமீற்றர் அளவு. நானுஓயாவிலிருந்து இராகலைக்கு இப்போது பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த வளைவுகள் எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் விளக்கத் தேவையில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்னப் பெருமையையும் சொல்லிவிடுகிறோம். இன்றைக்கு இலங்கையில் மிக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல. 6,226 அடி. எல்லப் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் ரயில் நின்றதும் இறங்கி, பெயர்ப் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள். நாங்களும் எடுத்திருக்கிறோம். ஆனால் பாதை ஓடிய காலமெல்லாம் அந்தப் பெயர் கந்தப்பளைக்குத்தான் உரியது. தொண்ணூறு அடி கூட!

ஏறியதும் இறங்கியதும்

கீழே இறங்கியது தேயிலை. மேலே ஏறியது அரிசி, பசளை, தேயிலை ஸ்டோருக்கு வேண்டிய இயந்திரங்கள், கடைச் சாமான்கள். சின்னப் பெட்டி பெரிய தண்டவாளத்தில் ஓடாது. ஆகவே நானுஓயாவில் எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தேயிலைப் பெட்டியும் ஒரு தடவை கூடுதலாக ஆளின் தோளில் ஏறி இறங்கியது. நானுஓயா வழியாக எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறோம். அங்கே இப்படி ஒரு வேலை நடந்திருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

வெள்ளைக்காரர்களுக்கு இந்தப் பாதை நுவரெலியாவின் வாசல். 1876 இல் தொடங்கிய ஹில் கிளப், குதிரைப் பந்தயம், ஏப்ரல் சீசன் இதற்கெல்லாம் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் நானுஓயாவில் இறங்கிச் சின்னக் கோச்சிக்கு மாறுவார்கள். பழைய ரயில்களில் ஆர்வமுள்ளவர்கள் ஆங்கிலத்தில் இதைப் பற்றி நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த எஞ்சின், எத்தனை சக்கரம், எந்தத் தொழிற்சாலையில் செய்தது எல்லாம் கிடைக்கும். அந்த எழுத்து இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. அவர்களைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை.

ஆனால் அதை வாசிக்க வாசிக்க ஒரு கேள்வி வந்தது. பாதையின் இரண்டு பக்கமும் லயங்களில் இருந்தவர்கள் எங்கே? பெட்டிக்குள் இருந்த கொழுந்தைப் பறித்தவர்கள் இந்தக் கதையில் எந்த இடத்தில் நிற்கிறார்கள்?

எங்கள் ஆட்கள் எப்படி வந்தார்கள்?

2023 இல் மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது ஞாபகம் இருக்கும். ரயில் இல்லாத காலத்தில் முதல் வந்தவர்கள் நடந்த பாதை அது. காட்டிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் போக மிச்சப் பேர்தான் மலைக்கு வந்து சேர்ந்தார்கள்.

இராகலைப் பாதை போட்ட காலத்தில் நிலைமை கொஞ்சம் மாறியிருந்தது. 1900களின் தொடக்கத்தில் 'தகரத் துண்டு' முறை வந்தது. சேர்க்கப்பட்ட ஒவ்வோர் ஆளுக்கும் தோட்டத்தின் அடையாளம் பொறித்த ஒரு தகரத் துண்டு கொடுப்பார்கள். அதைக் காட்டினால் கப்பலிலும் ரயிலிலும் ஏற்றிக்கொள்வார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் விழும். பிறகு அது கடனாக ஆளின் தலையில் விழும். முதலில் தூத்துக்குடி வழி கொழும்பு. 1914 இல் தலைமன்னார்ப் பாதை திறந்த பிறகு தனுஷ்கோடி வழி. இராகலைப் பக்கத் தோட்டங்களுக்கு வந்தவர்களுக்கு நானுஓயா வரை பெரிய கோச்சி. அதற்கப்பால் சின்னக் கோச்சியோ, கங்காணிக்குப் பின்னால் கால்நடையோ.

ஒரு தேயிலைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அதன்மேல் தோட்டத்தின் பெயர் இருக்கும், இலக்கம் இருக்கும். ரயிலில் ஏற்றும்போது அதற்கென்று சீட்டு எழுதுவார்கள். கழுத்தில் தகரத் துண்டோடு வந்த ஆளுக்கும் அதே மாதிரித்தான். இருவரையும் யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் துண்டில் இருந்தது.

வந்து சேர்ந்த பிறகு நினைத்த நேரத்தில் கோச்சி ஏறிப் போக முடியுமா? வேறு தோட்டத்துக்கு மாறுவதென்றாலும் 'துண்டு' வேண்டும். இந்த ஆளின் கடனைக் கட்டினால் விடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அந்த முறை 1921 இல்தான் ஒழிக்கப்பட்டது. 1927 இன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்துக்குப் பிறகு மலைநாட்டில் நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்களுக்கு 32 சதம். சிறுவர்களுக்கும் கூலி நிர்ணயித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பள்ளிக்கூட வயதில் பிள்ளைகள் பிரட்டுக்கு நின்றார்கள். விடியப் பிரட்டு, பிறகு மலை, பொழுது சாய்ந்த பிறகு கொழுந்து நிறுவை. இந்த வாழ்க்கையில் ரயில் என்பது ஏறிப் போகிற பொருளாக இருந்ததைவிட, மலையில் நின்றபடி பார்க்கிற பொருளாகத்தான் கூடுதலாக இருந்திருக்கும்.

கேட்டுப் பார்த்தோம்

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது வயசானவர்களிடம் கேட்டோம். பாதை மூடி முக்கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. நேரில் கண்டவர்கள் இருந்தாலும் எண்பதுகளின் கடைசியில் இருப்பார்கள். நாங்கள் பேசிய ஏழு பேரில் ஐந்து பேர் "எங்களுக்குத் தெரியாதுப்பா" என்று முடித்துவிட்டார்கள். ஒரு தாத்தா நல்லா ஞாபகம் இருக்கு என்று உற்சாகமாகத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கேட்ட பிறகுதான், அவர் சொல்வது தலவாக்கலைப் பக்கம் ஓடும் பெரிய கோச்சியை என்று விளங்கியது. அவர் பொய் சொல்லவில்லை. ஞாபகம் அப்படித்தான் வேலை செய்யும். பார்த்ததும் கேட்டதும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

ஏழாவது ஆள் ஒரு பாட்டி. கோச்சியை அவருக்கும் ஞாபகம் இல்லை. அவருடைய அம்மா சொன்னதுதான் ஞாபகம். மலையில் நிற்கும்போது கோச்சிச் சத்தம் கேட்டால் நேரம் தெரியுமாம். கங்காணியிடம் கேட்கத் தேவையில்லையாம். "எங்க அம்மா அதுல ஏறுனதே இல்ல புள்ள. ஆனா அது நின்னு போனப்ப மலையே அமந்து போச்சின்னு சொல்லும்" என்றார்.

ஒரே ஒரு ஆளின், அதுவும் கேட்ட ஞாபகம். இதை வைத்து வரலாறு எழுதலாமா என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. ஒருவர் கூடாது என்றார். எஞ்சினைப் பற்றிய தகவலைச் சரிபார்க்க முடியும், இதை எப்படிச் சரிபார்ப்பது? மற்றவர் கேட்டார்: சரிபார்க்கக்கூடிய காகிதம் யாரிடம் இருந்தது? துரையிடமும் ரயில் இலாகாவிடமும். மலையில் நின்றவர்களின் பெயர் செக்ரோலில் மட்டும்தான் இருந்தது, அதுவும் கூலி கணக்குப் பார்க்க. அப்படியானால் காகிதம் இருந்தவர்களின் கதையை மட்டும்தானா எழுதுவது? கடைசியில் இரண்டையும் அருகருகே வைப்பது, எது காகிதம், எது காதால் கேட்டது என்று வாசிப்பவருக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தோம்.

1948

லொறியும் பஸ்ஸும் வந்தன. தேயிலைப் பெட்டியைத் தோட்டத்து ஸ்டோர் வாசலிலேயே ஏற்றி நேரே கீழே கொண்டுபோக லொறியால் முடியும். ஸ்டேசனுக்கு இழுத்துப் போய், சின்னக் கோச்சியில் ஏற்றி, நானுஓயாவில் இறக்கி, மறுபடி ஏற்றும் வேலை மிச்சம். சின்னப் பாதை நட்டத்தில் ஓடியது. 1948 இல் மூடிவிட்டார்கள்.

அந்த வருடத்தைப் பார்த்ததும் நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மலையகத்தவர் யாருக்கும் அந்த எண்ணை விளக்கத் தேவையில்லை. 1948 இன் 18 ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம். தகப்பன் இலங்கையில் பிறந்தார் என்றோ, தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்றோ காட்ட வேண்டும். பிறப்புப் பத்திரம் இல்லாத லயத்துச் சனம் எதைக் காட்டும்? முதல் வருடம்தான், 1947 தேர்தலில், இதே நுவரெலியாத் தொகுதி சௌமியமூர்த்தி தொண்டமானைப் பாராளுமன்றம் அனுப்பியிருந்தது. பக்கத்துத் தலவாக்கலையில் எழுத்தாளர் சி.வி.வேலுப்பிள்ளை வென்றிருந்தார். இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு ஏழு ஆசனங்கள் கிடைத்தன. 1949 இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி வாக்கைப் பறித்தார்கள். 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றும் மிச்சமில்லை.

பாதையை மூடியதற்கும் குடியுரிமையைப் பறித்ததற்கும் காரணம் ஒன்று என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஒன்று ரயில் இலாகாவின் கணக்கு. மற்றது அரசியல். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டினால் வரலாறு பிழைத்துப் போகும். ஆனால் இரண்டிலும் ஒரே பார்வை இருக்கிறது என்று எங்களுக்குப் படுகிறது. பாதை தேயிலைக்காக மட்டும் போடப்பட்டது. தேயிலை வேறு வழியில் இறங்கத் தொடங்கியதும், இங்கே சனம் இருக்கிறதே, அதற்கு ரயில் வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. ஆட்களும் தேயிலைக்காக மட்டும் கொண்டுவரப்பட்டவர்களாகவே பார்க்கப்பட்டார்கள். வேலை செய்யும் கை தேவை, வாக்களிக்கும் கை தேவையில்லை.

வடக்கிலுள்ள நண்பர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று விளங்கும். யாழ்தேவி 1990 இல் போரால் நின்றது. இருபத்து நாலு வருடம் தண்டவாளமே இல்லாமல் கிடந்தது. ஆனாலும் அதை யாரும் மறக்கவில்லை. கதையில் எழுதினார்கள், பேசினார்கள், திரும்பி வரும் என்று காத்திருந்தார்கள். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்ப வந்தபோது சனம் ஸ்டேசனில் கூடி நின்றது. யாழ்தேவியில் அந்தச் சனம் ஏறிப் போயிருந்தது. வேலைக்கு, படிப்புக்கு, கலியாணத்துக்கு என்று. அதனால் அது அவர்களுடைய ரயில். இராகலைக் கோச்சி ஓடிய காலத்திலும் எங்கள் ஆட்களுடையதாக இருக்கவில்லை. தனக்குச் சொந்தமில்லாத ஒன்று நின்று போனால் அதற்காக யார் அழுவார்கள்?

பிறகு வந்த கோச்சி

எங்கள் சனம் கோச்சிக்காக அழுதது பிறகுதான். 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். கேட்டுப் போட்ட கணக்கில்லை. இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டவர்கள் மலைநாட்டு ஸ்டேசன்களில் கோச்சி ஏறித் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போனார்கள். இராகலை, கந்தப்பளைப் பக்கத்துச் சனத்துக்கு அப்போது பக்கத்தில் ஸ்டேசன் இல்லை. தட்டுமுட்டுச் சாமானோடு ரோட்டு வழியாக நானுஓயாவுக்குத்தான் இறங்க வேண்டும்.

நாங்கள் பேசிய ஏழு பேருக்கும் அந்தக் கோச்சி நல்லா ஞாபகம் இருந்தது. சின்னக் கோச்சியைத் தெரியாது என்று சொன்ன அதே ஆட்கள், தங்கச்சியை ஏற்றி விட்ட நாளை, ஜன்னலால் கை நீட்டிய சித்தப்பாவை, வண்டி நகர்ந்ததும் கிளம்பிய ஒப்பாரியை அப்படியே சொன்னார்கள். ஒரு தாத்தா பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார். அதற்குமேல் நாங்கள் அவரிடம் கேட்கவில்லை.

அப்போதுதான் எங்கள் கேள்வியே பிழை என்று உணர்ந்தோம். மூடிய பாதையைப் பற்றி என்ன ஞாபகம் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவர்களிடம் இருந்தது ஆட்களைக் கொண்டுபோன கோச்சியின் ஞாபகம். மறதி என்று நாங்கள் நினைத்தது மறதி இல்லை. எது தங்கள் வாழ்க்கையைத் தொட்டதோ அதை அவர்கள் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது

இங்கே மிஞ்சியவர்களில் குடியுரிமை இல்லாமல் கிடந்தவர்களுக்கு 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம்தான் முடிவாக வழி திறந்தது. 1948 இலிருந்து 55 வருடம். எங்களுக்கு அடையாள அட்டை இருக்கிறது. அதைக் காட்டித்தான் கம்பஸில் பதிந்தோம். இதில் ஒன்றும் பெரிய விசயம் இல்லை என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். எங்கள் தாத்தாமாருக்கு அது பெரிய விசயம்.

விடுமுறையின் கடைசி நாள் நாங்கள் மூவரும் கந்தப்பளைப் பக்கம் நடந்தோம். தேயிலை மலையில் ஓரிடத்தில், ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே சீராக மலையைச் சுற்றி வளைந்து போகும் ஓர் ஒற்றையடிப் பாதை. தோட்டத்துப் பாதைகள் இப்படி இருக்காது. அவை குறுக்கே வெட்டி நேராக ஏறும். மெதுவாக வளைந்து மெதுவாக ஏறுவது ரயிலின் புத்தி. வரைபடத்தைக் கைபேசியில் வைத்துப் பார்த்தோம். கோடு அங்கேதான் வருகிறது. கொழுந்துக் கூடையோடு இரண்டு அக்காமார் அந்த வழியால் வந்தார்கள். "இது கோச்சி போன ரோட்டுன்னு தெரியுமாக்கா?" என்று கேட்டோம். ஒருவர் சிரித்தார். "கோச்சியா? இங்கயா? வெளையாடாதீங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

அந்த வேகத்தில் நடந்தால்தான் நிறுவைக்கு நேரத்துக்குப் போக முடியும். நிறுத்தி வைத்து 1904 இன் கதையைச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவர்கள் பிள்ளைகள் இதை வாசிப்பார்கள் என்ற நம்பிக்கையில் இங்கே எழுதி வைக்கிறோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாராவது இடம் தெரியாத ஒரு பெயரைச் சொன்னால், அது ஸ்டேசனடியோ, பழைய ஸ்டோரோ, இல்லாத கோயிலோ, திருத்தாதீர்கள். என்னவென்று கேட்டு, திகதி போட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்த அப்பாயி போன வருடம் இறந்துவிட்டார். ஸ்டேசனடி எந்த இடம் என்று சரியாகக் காட்டித் தரச் சொல்லி அவரிடம் நாங்கள் கேட்கவேயில்லை.